அடைமொழிகளின் கடற்கரை

நண்பர் ஒருவர் பெரு நாட்டுக்குப் போய்வந்தார். வெளிநாட்டு உத்தியோகம், வருஷத்துக்கு ஒரு நீண்ட விடுமுறை. வான்ச்சாக்கோ என்ற கடற்கரை ஊரில் ஒரு வாரம் தங்கியதைக் கட்டுரையாக எழுதி எங்கள் கூட்டத்தில் வாசித்தார். (வழக்கம்போல் பதினோரு பேர், இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள்.) முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை. ஏதோ முணுமுணுத்தேன். 'நீங்க அங்க போயிருக்கீங்களா சார்?' என்று கேட்டார். போனதில்லை. வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக வந்த பதில்.

நண்பர் நல்ல வாசகர். வியாபாரப் பத்திரிகைகளின் 'போனேன், பார்த்தேன், சாப்பிட்டேன்' ஆசாமி என்று அவரை ஒதுக்க முடிந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நம்மில் ஒருவர், நம் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவர், ஒரு வாரம் கடலோரம் இருந்துவிட்டு ஒரு ஹோட்டலின் விளம்பரத் தாளை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அதை நாம் கைதட்டி வரவேற்றிருக்கிறோம். பிரச்னை அங்கேதான் இருக்கிறது.

கட்டுரையின் பிரதியை வாங்கிப்போய் அடைமொழிகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டேன். குமாஸ்தா புத்தி. அமைதியான ஊர். உயிர்த்துடிப்பான ஊர். நீலப்பச்சைக் கடல். இதமான அலை. வெள்ளந்தியான மக்கள். முதல் இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. ஓர் ஊர் எப்படி ஒரே சமயத்தில் அமைதியாகவும் துடிப்பாகவும் இருக்கும் என்று யோசித்தேன். பகலில் நண்பருக்குத் தூக்கம் வேண்டியிருந்தது, ராத்திரி சங்கீதம் வேண்டியிருந்தது. இரண்டு சொற்களும் நண்பரைப் பற்றியவை. ஊரைப் பற்றியவை அல்ல.

பிறகு வினைச்சொற்களைத் தேடினேன். நண்பர் நடந்தார், படுத்தார், குடித்தார், மறந்தார். ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வினைகள் மூன்று: சிரித்தார்கள், பரிமாறினார்கள், கையசைத்தார்கள். கட்டுரையில் மூன்று சூரிய அஸ்தமனங்கள் உண்டு. விடியற்காலை ஒன்றுகூட இல்லை. பி.ஏ. வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தின் தனியே அறுக்கும் பெண்ணைப் படித்தோம். அவள் பாடும் பாஷை அவருக்குப் புரியவில்லை. கேட்டுவிட்டு மலையேறிப் போய்விடுகிறார். அதற்காக அவரைக் குறைசொல்லலாம். ஆனால் அவள் கையில் அரிவாள் இருக்கிறது, அவள் அறுக்கிறாள், கட்டுகிறாள். 200 வருஷத்துக்கு முந்தைய ரொமாண்டிக் கவிஞர் பார்த்த அந்த அரிவாளை நம் நவீன வாசகர் பார்க்கவில்லை.

இனி அந்த ஊர். ட்ருஹியோ நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அந்தக் கரையை ஒட்டி ஓடுவது ஹம்போல்ட் நீரோட்டம், தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீர். ஆழத்திலிருந்தும் குளிர்ந்த நீர் மேலெழுந்துகொண்டே இருக்கிறது. அலைச்சறுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். வருஷத்தில் பல மாதங்கள் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். மழை அபூர்வம், பின்னால் பாலைவனம். 'இதமான அலை' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்: எல்லாக் கடற்கரைகளுக்கும் அச்சடித்து வைத்திருக்கும் வாக்கியத்திலிருந்து வந்தது. ஆழத்து நீர் மேலே கொண்டுவரும் சத்துக்களில் கண்ணுக்குத் தெரியாத தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றால் நெத்திலி பெருகுகிறது. நெத்திலியைத் தின்று பறவையும் பெரிய மீனும் பிழைக்கின்றன. விடுமுறைக்காரரின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத குளிர்தான் அந்த ஊருக்குச் சோறு. அதை 'இதமான' என்று மாற்றி எழுதுவது வெறும் தகவல் பிழை அல்ல. அந்த ஊர் எதனால் ஊராக இருக்கிறதோ அதையே அடித்துவிடுகிற காரியம்.

கரையில் நிமிர்த்தி வைத்திருந்த கோரைப் படகுகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அஸ்தமன ஒளியில் அவை யானைத் தந்தங்களாகத் தெரிந்தனவாம். அவற்றை ஏன் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழவில்லை. நீர் வடிவதற்காக. கோரை நீர் குடிக்கும், குடித்தால் கனக்கும், கனத்தால் கடலில் ஆளையும் சேர்த்து இழுக்கும். தந்தம் காய வேண்டியதில்லை.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். மீன்பிடிக் கலத்துக்குக் கடன் கேட்டு மனு வந்தால் நாங்கள் சில கேள்விகள் கேட்போம்: எதனால் ஆனது, நீளம் என்ன, கட்டியது யார், எத்தனை காலம் உழைக்கும், என்ன வலை. இலக்கிய வாடை துளியும் இல்லாத கேள்விகள். நண்பரின் தந்தங்களை அந்தக் கட்டங்களில் நிரப்பிப் பார்த்தேன்.

எதனால் ஆனது: தொத்தோரா என்ற கோரை. கடலை ஒட்டிய நிலத்தில், நிலத்தடி நீர் தட்டுப்படும்வரை தோண்டிய குழிகளில் வளர்ப்பது. குழிக்கு வச்சாக்கே என்று பெயர். அறுத்து, வெயிலில் பரப்பிக் காயவைத்து, கட்டுகளாக இறுக்குவார்கள். பெரிய கட்டு இரண்டு, சிறிய கட்டு இரண்டு. பெரியது தாய், சிறியது பிள்ளை. உடைந்து வரும் அலையைப் பிளந்து வெளியே போவதற்காக முனை வளைந்து கூர்ந்திருக்கும். பின்னால் ஒரு பள்ளம், வலையும் மீனும் வைக்க. நெடுக்காகப் பிளந்த மூங்கில்தான் துடுப்பு. கபாயீத்தோ, அதாவது குட்டிக் குதிரை, என்பது ஸ்பானியர்கள் வந்த பிறகு ஏற்பட்ட பெயர். நீளம்: சுமார் 4 மீட்டர்; ஓர் ஆள். கட்டியது யார்: பெரும்பாலும் ஓட்டுகிறவனே. எத்தனை காலம் உழைக்கும்: சில வாரம், மிஞ்சினால் ஓரிரு மாதம்.

இந்தக் கடைசிக் கட்டத்தில் என் பேனா நின்றது. எந்த மேனேஜரும் இதை ஈடாக வாங்கமாட்டார். ஒரு மனிதன் ஒரே வருஷத்தில் பலமுறை தன் தொழிலுக்கான கருவியை வேரிலிருந்து புதிதாகச் செய்துகொள்கிறான். அறுக்கிறான், காயவைக்கிறான், கட்டுகிறான், சுமக்கிறான், இறங்குகிறான், இழுக்கிறான், திரும்புகிறான், நிமிர்த்துகிறான். எத்தனை வினைகள்! 'அழகு' என்ற சொல் தெரியாத ஒரு கடன் மனு இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ரசனை உள்ளவர் தந்தத்தோடு நின்றுவிட்டார்.

பக்கத்திலேயே சான் சான். சிமூ அரசின் தலைநகர், பச்சை மண்ணில் எழுப்பியது. 1470 வாக்கில் இன்காக்களிடம் வீழ்ந்தது. யுனெஸ்கோ 1986-இல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கையோடு, அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. அதன் சுவர்களில் மீன்கள், கடற்பறவைகள், அலைகள்; வலைக் கண்களைப்போல் சாய்சதுரங்கள் வரிசை வரிசையாக. ஒரு ராஜ்யம் தன் அரண்மனைச் சுவரில் வலைக்கு இடம் கொடுத்திருக்கிறது. நண்பரின் கட்டுரையில் 'வலை' என்ற சொல்லே வரவில்லை.

நண்பருக்கு முன்னோடிகள் உண்டு. சேசு சபைப் பாதிரியார் ஹோஸே தெ அகோஸ்தா 1590-இல் அச்சான நூலில், லிமாவின் துறைமுகமான கயாவோவில் மீனவர்கள் கோரைக் கட்டுகளின் மேல் குதிரையேறுவதுபோல் ஏறிக் கடலுக்குப் போவதை விவரிக்கிறார். அதைப் பார்ப்பது தமக்குப் பெரிய உல்லாசமாக இருந்தது என்றும் எழுதுகிறார். போனவர்களுக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் பாதிரியாரிடம் ஒரு நாணயம் இருந்தது: உல்லாசம் தமக்கு என்று சொன்னார். 400 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது; இடையில் எங்கோ அந்தத் 'தமக்கு' உதிர்ந்துபோயிற்று. இப்போது கடற்கரையே உல்லாசக் கடற்கரை. பார்த்தவனின் அனுபவம் பார்க்கப்பட்ட இடத்தின் குணமாகிவிட்டது. சுற்றுலா எழுத்தின் மொத்த இலக்கணமும் இந்த ஒரு திருட்டுதான். நண்பர் செய்ததும் இதைத்தான், தெரியாமல்.

தெரிந்தே செய்வதற்குக் கௌரவம் என்று பெயர். 1965-இல் லிமாவுக்குத் தெற்கே புந்தா ரோக்காஸில் நடந்த உலக அலைச்சறுக்குப் போட்டியை வென்றவர் பெருவின் பெலிப்பே போமார். அலைமேல் ஏறிவரும் கலை பிறந்தது இந்தக் கோரைப் படகில்தான் என்று அவர் வாதாடினார். மொச்சே காலத்து மட்பாண்டங்களில் கோரைப் படகேறிய உருவங்கள் இருப்பது உண்மை. ஹவாய் முந்தியதா பெரு முந்தியதா என்ற வழக்கு எனக்கு வேண்டாம். மாலை யார் கழுத்தில், எதற்காக விழுகிறது என்பதுதான் என் விசாரம். மீன் ஏற்றிய படகு கரைக்குத் திரும்ப, உடையும் அலைகளைக் கடந்தாக வேண்டும். அலையேறி வருவது அவன் வேலையின் கடைசி நிமிஷம். அதை மட்டும் கத்தரித்து எடுத்து, அதற்கு முந்திய இருட்டையும் குளிரையும் மீன் விழாத நாட்களையும் தள்ளிவிட்டு, 'உலகத்தின் முதல் சறுக்கு வீரன்' என்று கூப்பிடுகிறோம். 2003-இல் பெரு அந்தப் படகைத் தேசியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. 2013-இல் வான்ச்சாக்கோவின் அலைகள் உலக அலைச்சறுக்குக் காப்பகம் ஆயின. மாலைகளுக்குக் குறைவில்லை.

இன்னும் வடக்கே சிகாமா. இடப்பக்கமாக உடையும் அலைகளில் உலகத்திலேயே நீளமானது என்று பேர்பெற்றது. சுமார் 2 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். போட்டிக்கு வந்த ஹவாய்க்காரர் ஒருவர் 1965-இல் ஊர் திரும்பும்போது விமானத்தின் ஜன்னலிலிருந்து அதைக் கண்டுபிடித்தார் என்பது சறுக்குவோர் மத்தியில் வழங்கும் கதை. அதற்கு முன்பே மலாப்ரீகோ என்ற அந்தத் துறையில் சர்க்கரை மூட்டை ஏற்றினார்கள். பிறகு மீன்மாவு ஆலைகள் வந்தன. ஆகாயத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மூட்டை தெரியாது, நாற்றம் எட்டாது. அலை மட்டும்தான் தெரியும்.

சறுக்குக்காரர்களைத் திட்டி முடித்துக்கொள்வது சுலபம், நியாயம் அல்ல. பெருவில் 2000-இல் ஒரு சட்டம் போட்டார்கள். விளையாட்டுக்கு உகந்த அலைகளைக் காப்பாற்ற வேண்டும், பதிவான அலையைக் கெடுக்கும் கட்டுமானம் கூடாது என்பது அதன் சாரம். அதன்படி முதலில் பதிவானது சிகாமா, 2016-இல். அலைகளுக்காக வழக்காடியவர்கள் சறுக்குக்காரர்கள்தான். அலைமேல் நிற்கிறவனுக்கு அடியில் மணல் எப்படி நகர்கிறது என்பதில் அக்கறை உண்டு. மணலில் படுத்திருக்கிறவனுக்கு அதுவும் வேண்டியதில்லை.

ட்ருஹியோவுக்குத் தெற்கே சலவெர்ரி துறைமுகம். அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்கக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டினார்கள். மணல் அங்கே தங்கிவிட்டது. வடக்கே வர வேண்டியது வரவில்லை. லாஸ் தெலீசியாஸ், புவெனோஸ் ஐரேஸ் (அர்ஜென்டினாவில் உள்ளது அல்ல, அதே பெயரில் ஒரு கடலோரக் குடியிருப்பு) ஆகிய கரைகளைக் கடல் தின்றது. அரிப்பு வான்ச்சாக்கோவையும் எட்டி, கோரைக் குழிகள் இருக்கும் நிலத்தைக் குறுக்கிக்கொண்டு வருகிறது. குழி போனால் கோரை போகும். கோரை போனால் படகு போகும். மீனவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், சிலர் சறுக்குப் பலகை சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு. பெரியவர்கள் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலாக்காரரைப் படகில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கோ நண்பருக்கோ யோக்கியதை இல்லை. 'காலடியில் மணல் கரையும் சுகம்' என்று நண்பர் எழுதியிருக்கிறார். மணல் கரைவது மட்டும் நிஜம்.

அந்தக் கரைக்கு எழுத்தாளன் இல்லாமல் போயிருந்தால் நண்பரை மன்னித்திருப்பேன். ஸெஸார் வயேஹோ ட்ருஹியோவில் படித்தவர். 1915-இல் அங்கேதான் பட்டம் வாங்கினார். அதற்கு முன் 1912-இல் சிகாமா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய கரும்புப் பண்ணையின் கணக்கு அறையில் வேலை பார்த்தார். (குமாஸ்தாக்கள் கவனிக்க.) கூலிகள் விடியலில் வயலுக்கு இறங்குவது அவர் கண்முன் நடந்தது. 1920 நவம்பரிலிருந்து 1921 பிப்ரவரி வரை ட்ருஹியோ சிறையில் இருந்தார். 1922-இல் வந்த 'த்ரில்ஸே' தொகுப்பில் அந்தச் சிறை இருக்கிறது. அதில் மொழி உடைந்து கிடப்பதைப் பார்த்துப் பரவசப்படுகிறோம், சோதனை முயற்சி என்கிறோம். கையிலிருந்த அழகான சொற்கள் ஒன்றும் உதவாத நிலைக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்தான் என்பதை மறந்துவிடுகிறோம். வயேஹோவை நேசிப்பதாக நண்பர் பலமுறை சொல்லியிருக்கிறார். வயேஹோ சிறையிருந்த ஊருக்கு 12 கிலோமீட்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வயேஹோ உடைத்துப்போட்ட அழகான சொற்களையே ஒட்டவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அர்கேதாஸ் அதே கரையில் இன்னும் தெற்கே சிம்போத்தேக்குப் போனார். 1960-களில் மீன்மாவுத் தொழிலால் வீங்கிப்போன துறைமுகம். மலையிலிருந்து இறங்கிவந்த கெச்சுவா ஜனங்கள், ஆலைப் புகை, சேரி. அதை நாவலாக்கப் பார்த்தார். முடியவில்லை. முடியாமையையும் நாட்குறிப்பாக எழுதி நாவலுக்குள்ளேயே செருகினார். 1969-இல் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். நாவல் 1971-இல் வந்தது. ஆங்கிலத்தில்தான் படித்தேன், பாதி எனக்கு வசப்படவில்லை. ஆனால் அந்தக் கரையில் மனிதர்கள் கத்துகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், இருமுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். அந்த நாவல் வந்த சமயத்தில் பெரு ஒரே வருஷத்தில் 1 கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்துக்கொண்டிருந்தது. 1972-73-இல் எல்லாம் சரிந்தது. வரப்போகும் சரிவின் நடுக்கம் நாவலில் முன்பே இருப்பதாக எனக்குப் படுகிறது.

நண்பர் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடலோரம் போய்க் காலை நீட்டுவது பாவம் என்றும் சொல்லவில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்கும் முதுகு வலிக்கிறது. ஓய்வை ஓய்வென்று எழுதட்டும். முதுகு வலித்தது, கையில் காசு இருந்தது, போய்ப் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். இது நாணயமான வாக்கியம். இதை ஒரு தரிசனமாக ஜோடித்து, ஊர்க்காரனைத் திரைச்சீலையாக்கித் தொங்கவிடும்போதுதான் இலக்கியம் கெடுகிறது.

என் கையும் சுத்தமில்லை. சில வருஷங்களுக்கு முன் எல்.எஃப்.சி.யில் குடும்பத்தோடு புரிக்குப் போனேன். திரும்பி வந்து ஒரு கடல் கவிதை எழுதினேன். இதைப்போன்ற ஒரு பத்திரிகையில் வந்தது. அதில் விளிம்பில் மிதக்கும் 'கரும்புள்ளிகள்' என்று ஒரு படிமம். நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் கார்டு போட்டார்கள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஆட்கள் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் புள்ளியாக்கினேன், படிமம் கச்சிதமாக வந்தது என்பதற்காக. நண்பரின் தந்தமும் என் புள்ளியும் ஒரே பட்டறையில் செய்தவை. அவர் வாசித்தபோது எனக்குக் கை தட்ட வராததற்கு முதல் காரணம் இது.

சொற்களுக்கும் இந்தக் கதி வரும். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்க் 'கட்டமரான்' ஆனது. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்று உலகத்துக்கு ஞாபகம் வருவது பணக்காரர்கள் பவனிபோகும் இரட்டை உடல் படகு. மரமும் இல்லை, கட்டும் இல்லை, கட்டியவனும் இல்லை. சொல் மட்டும் விடுமுறைக்குப் போய்விட்டது. கபாயீத்தோவும் அந்த வழியில் பாதி தூரம் வந்தாயிற்று.

'நீங்க அங்க போயிருக்கீங்களா சார்?'

போனதில்லை. என் சம்பளத்தில் போகப்போவதும் இல்லை. போனவருக்குத்தான் பேச உரிமை என்றால், அந்தக் கரையைப் பற்றி அங்கே பிறந்தவனைத் தவிர எவனும் பேசக்கூடாது. நண்பரின் ஒரு வாரமும் தள்ளுபடி ஆகும். நான் புத்தகங்களில் பார்த்தது குறைபட்ட பார்வைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படகை ஏன் நிமிர்த்தி வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெருவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. அங்கேயே நின்றும் ஒருவர் அதைக் கேட்காமல் இருக்கலாம் என்பதற்கு நண்பர் சாட்சி.

கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த கூட்டம் வருகிற இரண்டாவது ஞாயிறு. நண்பர் வந்தால் முதலில் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்பேன்: அந்த ஊரில் ஒரு வாரம் இருந்தீர்களே, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?